பாரம் குறைக்காத சொல்

திருத்தணி
10.6.2024

ஷாலினி,

என் நம்பரை பிளாக் செய்துவிட்டாய். அம்மா நம்பரையும் செய்துவிட்டாய். தபால்காரரை பிளாக் செய்ய இன்னும் யாரும் வழி கண்டுபிடிக்கவில்லை என்பதால் இதை எழுதுகிறேன். கல்யாணமான இத்தனை வருஷத்தில் உனக்கு நான் எழுதும் முதல் கடிதம். சந்தோஷமாக எழுதியிருக்க வேண்டியது, இப்படி ஆகிவிட்டது.

வெள்ளிக்கிழமை, அடுத்த குழந்தைக்காகப் பார்க்கப் போன டாக்டர் ரூமை விட்டு வெளியே வந்ததும், "நீ உக்காரு, மருந்து வாங்கினு வரேன்" என்று சொல்லிவிட்டுத்தான் போனேன். திரும்பி வந்தால் நாற்காலி காலி. பாத்ரூம் போயிருப்பாய் என்று அந்த வாசலிலேயே நின்றேன். பொம்பளைங்க பாத்ரூம் வாசலில் மருந்துப் பையோடு நிற்கிற ஆம்பளையை ஆஸ்பத்திரியே எப்படிப் பார்க்கும் என்று யோசித்துக்கொள். கடைசியில் மாமாதான் போன் செய்தார். "மாப்ள, பொண்ணு மணவூருக்கு வந்துகீது, தேடாதீங்க" என்றார். போனை வைத்துவிட்டார்.

நான் என்ன செய்துவிட்டேன்? "போன தடவ என்னம்மா ஆச்சு, ஆரம்பத்துல இருந்து சொல்லு" என்று டாக்டர் கேட்டார். நீ ஆடிக் கிருத்திகை காலையிலிருந்து ஆரம்பித்தாய். மஞ்சள் புடவை, பால்குடம், மலைப்படி என்று போய்க்கொண்டே இருந்தாய். வெளியே அத்தனை கூட்டம். டாக்டர் கடிகாரத்தைப் பார்த்தார். அதனால்தான் நான், "டாக்டர், தட்ஸ் இர்ரெலவன்ட்" என்று சொல்லி, காய்ச்சல், ஸ்கேன், ஐந்தாம் மாதம் குழந்தை தங்காமல் போனது என்று நாலு வரி ஆங்கிலத்தில் முடித்தேன். அவரும் அதை அப்படியே எழுதிக்கொண்டார்.

அது என் தொழில், ஷாலினி. இந்த ஊர் ஆந்திராவோடு இருந்த காலத்துத் தெலுங்குப் பத்திரங்களை கோர்ட்டுக்காக ஆங்கிலமாக்குகிறவன் நான். பத்திரம் நீளமாக இருந்தால் வக்கீல்கள், "முழுசா வாணாம்பா, ரெலவன்ட் போர்ஷன் மட்டும் போடு" என்பார்கள். மீதியிருக்கும் இடத்தில் மூன்று புள்ளி வைத்துவிட்டுப் போவேன். கை அப்படிப் பழகிவிட்டது.

இன்னொன்றும் உண்டு. மாசமாக இருப்பவள் மலை ஏறலாமா என்று போன வருஷம் தெருவே பேசியது உனக்குத் தெரியும். டாக்டரும் அதைப் பிடித்துக்கொண்டு உன்னை ஒரு வார்த்தை சொல்லிவிட்டால்? அதற்குத்தான் மலையை விட்டுவிட்டேன். உனக்காகச் செய்ததற்கு நீ கோபித்துக்கொண்டு போனால் நான் யாரிடம் போய்ச் சொல்வது?

எப்போது வருகிறாய் என்று ஒரு வரி எழுது.

ராஜீவ்

*

மணவூர்
15.6.2024

பாவா,

உங்கள் கடிதத்தில் பாத்ரூம் வாசல் இருக்கிறது, மருந்துப் பை இருக்கிறது, கோர்ட்டு இருக்கிறது, டாக்டரின் கடிகாரம்கூட இருக்கிறது. நான் என்ன சொல்ல வந்தேன் என்பது மட்டும் இல்லை. அந்த இடத்தில் மூன்று புள்ளி வைத்துவிட்டீர்கள்.

ஊர் வாயை மூட உலைமூடி இல்லை என்பார்கள். அதற்காக என் வாயை மூடினீர்களா?

எனக்கு ஒன்று செய்யுங்கள். ஊரார் பத்திரத்தையெல்லாம் தெலுங்கிலிருந்து ஆங்கிலத்துக்குக் கொண்டுபோகிறீர்களே, அந்த ஒரு ஆங்கில வார்த்தையைத் தமிழுக்குக் கொண்டு வந்து கொடுங்கள். அதற்கு என்ன அர்த்தம், எங்கே பிறந்தது, யாரைப் பார்த்து யார் சொல்லலாம், எல்லாம் வேண்டும். டாக்டர் முன்னால் என் மேல் விழுந்த வார்த்தை. அது என்ன ஜாதி என்றாவது தெரிந்துகொள்கிறேன்.

அது வரும்வரை நான் வருவதாக இல்லை. அரக்கோணம் மருந்துக் கடை வேலைக்கு இங்கிருந்தே ரயிலில் போய் வருகிறேன். நைனா ஒன்றும் கேட்கவில்லை. கேட்காமலே இருக்கத் தெரிந்தவர் அவர்.

ஷாலினி

*

திருத்தணி
19.6.2024

ஷாலினி,

இரண்டு நாளாக முயன்றேன்.

அகராதியில் முதலில் வருவது 'சம்பந்தமில்லாதது'. தாளில் எழுதினேன். உன் பெயருக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். அடித்துவிட்டேன்.

'பொருத்தமற்றது' ஜாதகக்காரர் வார்த்தை மாதிரி இருக்கிறது. 'தேவையில்லாதது' என்றால் தூக்கிப் போடு என்று அர்த்தமாகிறது. 'வேண்டாதது' வாயிலேயே வரவில்லை. கோர்ட்டில் நாங்கள் போடுவது 'வழக்குக்குத் தொடர்பற்றது'. அதுதான் கொஞ்சம் சாந்தமாக இருந்தது. ஆனால் நீ என்ன வழக்கா?

ஆங்கிலத்தில் சொல்லும்போது இது ஒன்றுமே இல்லாத வார்த்தை. கோர்ட்டில் ஒரு நாளைக்கு எத்தனை முறை காதில் விழுகிறது தெரியுமா? சாட்சி வாயைத் திறந்து தன் மாட்டைப் பற்றி ஆரம்பிப்பான், எதிர்த்தரப்பு வக்கீல் பாதி எழுந்து இதைச் சொல்லிவிட்டு உட்கார்ந்துவிடுவார். டைப் அடிக்கிற பெண் எழுத்தை இடம் மாற்றி 'இர்ரெவலன்ட்' என்று அடிப்பாள், யாரும் திருத்துவதில்லை. சாட்சியச் சட்டமே எது ரெலவன்ட் என்பதைப் பற்றித்தான். அவ்வளவு சாதாரணமான வார்த்தை தமிழுக்கு வந்ததும் ஏன் எல்லாமே திட்டாக மாறுகிறது என்று தெரியவில்லை.

ஒருவேளை ஆங்கிலத்திலும் திட்டுதானோ. நமக்கு உறைக்காமல் போயிற்றோ என்னவோ.

அது எங்கே பிறந்தது என்று இன்னும் பார்க்கவில்லை. பார்க்கிறேன். நீ சாப்பிடுகிறாயா?

ராஜீவ்

*

மணவூர்
24.6.2024

பாவா,

சாப்பிடுகிறேன்.

எது சம்பந்தமில்லாதது என்று நீங்கள் இன்னும் சொல்லவில்லை. நான் மலை ஏறியதா? அந்தக் காலையா? இல்லை, அவளா? ஐந்து மாதம் இருந்தாள். பெயர் வைக்கவில்லை, ரேஷன் கார்டில் ஏறவில்லை. அழுவதற்குக்கூட எல்லோரும் நாள் கணக்கு வைத்திருந்தார்கள். "அடுத்தது நல்லபடியா வரும், போனத பேசாத" என்றார்கள். அத்தை சொன்னார்கள், பக்கத்து வீட்டில் சொன்னார்கள், நீங்களும் சொன்னீர்கள்.

அன்றிலிருந்து உங்கள் வீட்டில் நான் ஒரு குடம் தூக்கியதில்லை. கை வைத்தால் யாராவது பிடுங்கிக்கொள்வார்கள். அன்பால்தான், தெரியும். ஆனால் கையை வெறுமையாக வைத்துக்கொண்டு ஒருத்தி எத்தனை நாள் உட்கார்ந்திருப்பாள்?

அவள் சம்பந்தமில்லாதவள் என்று சொல்ல உங்களுக்கு மனசு வராது. அப்புறம் அவளைச் சுமந்த காலைப்பொழுது மட்டும் எப்படிச் சம்பந்தமில்லாமல் போகும்?

பிறந்த இடம் எழுதுங்கள்.

ஷாலினி

*

திருத்தணி
2.7.2024

ஷாலினி,

இந்தக் கடிதத்தை மெதுவாகப் படி. எனக்கு இன்னும் மயிர்க்கூச்சம் அடங்கவில்லை.

கோர்ட்டு வக்கீல் சங்க அறையில், யாரும் தொடாத தடித்த அகராதி ஒன்று இருக்கிறது. அதைப் புரட்டினேன். பிறகு போனிலும் நாலு இடத்தில் தேடிச் சரிபார்த்தேன். எல்லாம் ஒன்றையே சொல்கின்றன.

முன்னால் இருக்கும் 'இர்' என்பது 'இல்லை' என்ற அர்த்தம். அதை எடுத்துவிட்டால் மிச்சம் 'ரெலவன்ட்'. ஏறக்குறைய ஐந்நூறு வருஷத்துக்கு முன்னால், ஸ்காட்லாந்து என்கிற குளிர் தேசத்து வக்கீல்கள் இதை கோர்ட்டுக்குள் கொண்டு வந்திருக்கிறார்கள். அவர்கள் உண்டாக்கியது அல்ல. பிரெஞ்சிலும் பழைய லத்தீனிலும் இருந்து வந்தது. லத்தீனில் அதன் அர்த்தம் என்ன தெரியுமா?

தூக்கிவிடுவது.

கீழே கிடப்பதை மறுபடியும் தூக்கிவிடுவது. பாரத்தைக் குறைப்பது. அதனால் உதவுவது. 'லேசானது' என்கிற சொல்தான் அதற்குத் தாய். வழக்கைத் தூக்கிவிடக்கூடிய பேச்சு எதுவோ அது ரெலவன்ட். தூக்கிவிடாத பேச்சு இர்ரெலவன்ட். அதே வேரிலிருந்துதான் 'ரிலீஃப்' வந்திருக்கிறது. வெள்ளம் வந்தால் கொடுப்பார்களே நிவாரணம், அது. கடப்பாறையை வைத்து நெம்பும் 'லீவர்', ஆட்களை மேலே கொண்டுபோகும் 'எலிவேட்டர்', எல்லாம் ஒரே வீட்டுப் பிள்ளைகள்.

நான் அந்த அறையிலேயே உட்கார்ந்துவிட்டேன். ஜன்னலில் மலை தெரிந்தது. தினமும் பார்க்கிற மலைதான். அதில் பாரம் தூக்கிக்கொண்டு ஆள்கள் ஏறிக்கொண்டே இருந்தார்கள். காவடியோடு ஒருவர், தோளில் பிள்ளையோடு ஒருவர். இத்தனை வருஷம் பிறர் பேச்சை வெட்ட நான் பயன்படுத்திய கத்தி, உண்மையில் ஒரு தூக்கிவிடும் கை என்று யாருமே எனக்குச் சொல்லவில்லை.

அப்படியானால் அன்று டாக்டரிடம் நான் சொன்னதற்கு அர்த்தம், 'இந்தப் பேச்சு பாரத்தைக் குறைக்காது' என்பதுதான். யாருடைய பாரத்தை? டாக்டருக்கு நேரம் மிச்சமாயிற்று. எனக்குப் பயம் தீர்ந்தது. உனக்கு அது குறைக்குமா குறைக்காதா என்று நான் எப்படி முடிவு செய்தேன்?

ராஜீவ்

*

மணவூர்
8.7.2024

பாவா,

உங்கள் கடிதத்தை ரயிலில் படித்தேன். இறங்க வேண்டிய அரக்கோணத்தில் இறங்காமல் திருத்தணி வரைக்கும் வந்துவிட்டேன். பிளாட்பாரத்தில் நின்று மலையைப் பார்த்துவிட்டு அடுத்த வண்டியில் திரும்பினேன். வீட்டுக்கு வரவில்லை என்று வருத்தப்படாதீர்கள். கடைக்கு லேட்டாகப் போனதற்கு முதலாளி வேறு திட்டினார்.

ராத்திரி சாப்பிடும்போது நைனாவிடம் சொன்னேன். அவர் ரயில்வே கேட் கீப்பராக இருந்தவர், ஆங்கிலம் கையெழுத்து அளவுக்குத்தான். "ரிலீஃப், ரிலீவ் எல்லாம் அந்த ஜாதியா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். சோற்றில் கை வைத்தபடியே சிரித்தார்.

"அப்ப ரிலீவரும் அதான். டூட்டி முடிஞ்சாலும் ரிலீவர் வராத கேட்ட உட்டு நவுரக் கூடாது. உங்கம்மா உன்ன பெத்த அன்னிக்கு நான் கேட்டுலதான் நின்னுகினு இருந்தேன். ரிலீவர் வர்ற வரைக்கும் ஒவ்வொரு வண்டியையும் பச்சக் கொடி காட்டி அனுப்பிகினு நின்னேன்."

சின்ன வயசிலிருந்து அந்த வார்த்தையைக் கேட்டு வளர்ந்தவள் நான். டூட்டி மாற்ற ரிலீவர் வரவில்லை என்றால் நைனா வீட்டுக்கு வர மாட்டார், அவ்வளவுதான் தெரியும். அது லத்தீனிலிருந்து கிளம்பி மணவூர் கேட் வரைக்கும் வந்திருக்கிறது என்று நினைத்தால் எனக்கும் மயிர் கூச்செறிகிறது. ஆனால் பாவா, ஒன்று சொல்கிறேன். போன வருஷம் ஆஸ்பத்திரியிலிருந்து வந்த நாளிலிருந்து நானும் அப்படி ஒரு கேட்டில்தான் நிற்கிறேன். எனக்கு ரிலீவர் வரவில்லை.

இன்னொன்றையும் பாருங்கள். ஸ்டேஷனிலிருந்து வரும் வழியில், புளியமரத்துக்கு எதிரே, ஒரு சுமைதாங்கி இருக்கிறதே. இரண்டு கல்லை நட்டு, தலை உயரத்துக்குக் குறுக்கே ஒரு பலகைக் கல். நேற்று அதன் பக்கம் வந்தபோது, தரையில் பெரிய புல்லுக்கட்டை வைத்துக்கொண்டு மணியம்மை அக்கா நின்றிருந்தார். கயிறு அவிழ்ந்து கட்டு கீழே விழுந்துவிட்டதாம். கழனி வேலைக்குப் போகிறவர், எனக்குப் பழக்கம்கூட இல்லை.

"ஏம்மே, கொஞ்சம் தூக்கி உடு" என்றார்.

ஒரு வருஷமாக யாரும் என்னிடம் அப்படிக் கேட்டதில்லை. தூக்கினேன். ஈரப் புல், நல்ல கனம். அவர் தலையில் ஏற்றிவிட்டு நிமிர்ந்தபோது சந்தோஷமாக இருந்தது. அழுகையும் வந்தது. அவர், "இன்னாத்துக்கு அழுவுற?" என்றார். சும்மா என்றேன். "பாரம் தூக்கி உடச் சொன்னா பகையாளிகூட மாட்டேன்னு சொல்லக் கூடாது, இன்னா பாரம்னு கேக்கவும் கூடாது. அந்த மாதிரி நானும் கேக்கல, போ" என்று சொல்லிவிட்டு நடந்துவிட்டார்.

வீட்டில் நைனாதான் மீதியைச் சொன்னார். அந்தக் கல் சும்மா வைத்ததில்லையாம். பிள்ளைத்தாச்சியாகவே செத்துப்போன ஒருத்திக்காக அவள் வீட்டார் வைத்தது. இறக்கி வைக்காத சுமையோடு போய்விட்டாள் அல்லவா, வழியில் போகிற யாரோ ஒருவர் தன் சுமையை அங்கே இறக்கும்போதெல்லாம் அவள் பாரம் கொஞ்சம் குறையும் என்று நம்பிக்கை. யாரென்றே தெரியாதவர்கள். அவள் பெயரும் யாருக்கும் தெரியாது. ஆனாலும் இறக்கிக்கொண்டே இருக்கிறார்கள்.

உங்கள் லத்தீன்காரர்கள் சொல்லாகச் செய்ததை இந்த ஊர்க்காரர்கள் கல்லாகச் செய்து வைத்திருக்கிறார்கள். இன்று அந்தக் கல்லில் கை வைத்து ரொம்ப நேரம் நின்றேன். தாய் போனால் கல் உண்டு. பிள்ளை போய்த் தாய் இருந்தால் அவளுக்கு என்ன உண்டு?

ஷாலினி

*

திருத்தணி
12.7.2024

ஷாலினி,

அந்தக் காலையைச் சொல்லு. ஆரம்பத்திலிருந்து, முழுசாக. நான் நடுவில் பேச மாட்டேன்.

ராஜீவ்

*

மணவூர்
20.7.2024

பாவா,

நாலு தடவை எழுதிக் கிழித்துவிட்டேன். இதைக் கிழிக்கப் போவதில்லை.

நான் மலை ஏறியதால்தான் அப்படி ஆனது என்று டாக்டரிடம் அழப் போகிறேன் என்றுதானே நினைத்தீர்கள்? நான் சொல்ல வந்தது அது இல்லை.

அன்றைக்கு உங்களுக்கு ஞாபகம் இருக்கும், அடிவாரத்திலேயே கூட்டத்தில் பிரிந்துவிட்டோம். செருப்பும் பையும் உங்களிடம், பால்குடம் என் தலையில். எங்கே பார்த்தாலும் பூக்காவடி. பம்பைச் சத்தத்தில் பக்கத்திலிருப்பவர் பேசுவதே கேட்கவில்லை. கூட்டம்தான் என்னைத் தூக்கிக்கொண்டு போனது, நான் ஏறவே இல்லை என்று சொல்லலாம். பாதி மலையில், நிழலுக்கு ஒரு மண்டபம் இருக்கிறதே, அங்கே மூச்சு வாங்கிச் சுவரோடு ஒதுங்கினேன். பால்குடத்தைத் தரையில் வைக்கக் கூடாது. தலையிலிருந்து தனியாக இறக்கவும் பயம். கழுத்து இற்றுப்போய்விடும் போல இருந்தது.

அப்போது ஒரு அம்மா வந்தார். மஞ்சள் புடவை, நெற்றி நிறையத் திருநீறு. முகம்கூட இப்போது நினைவில்லை. ஒன்றும் கேட்காமல் இரண்டு கையாலும் குடத்தை எடுத்துத் தன் இடுப்பில் வைத்துக்கொண்டார். "நில்லும்மா, மூச்சு உடு" என்றார்.

தலை லேசானது. அந்தக் கணம், பாவா, உள்ளே அவள் அசைந்தாள்.

முதல் தடவை. மீன் வாலை ஒரு தட்டுத் தட்டிவிட்டுப் போகுமே, அந்த மாதிரி. அத்தனை சத்தமும் நின்றுவிட்டது. மலை, ஜனங்கள், அரோகரா எல்லாம் ஒரு பக்கம், உள்ளே அந்த ஒரு தட்டு ஒரு பக்கம். அவ்வளவு பெரிய மலை எனக்கு அன்று சின்னதாகத் தெரிந்தது. நான் வயிற்றில் கை வைத்ததைப் பார்த்து அந்த அம்மா புரிந்துகொண்டார். "ஆங், இருக்குது, இருக்குது" என்று சிரித்தார். குடத்தை மறுபடி என் தலையில் ஏற்றிவிட்டு, கூட்டத்தில் கலந்துவிட்டார்.

உங்களிடம் சாயங்காலமே சொல்ல வாய் வரைக்கும் வந்தது. வாயுவாக இருந்தால் சிரிப்பீர்களே என்று இருந்தது. இன்னொரு தடவை வரட்டும், நிச்சயமானதும் உங்கள் கையை வைத்துக் காட்டலாம் என்று காத்திருந்தேன். அடுத்த வாரம் இரண்டு தடவை வந்தது. இரண்டு தடவையும் நீங்கள் கோர்ட்டில் இருந்தீர்கள். அப்புறம் காய்ச்சல்.

அதற்குப் பிறகு எப்படிச் சொல்வது? எல்லோரும் அவள் போனதைத்தான் கேட்டார்கள். அவள் வந்ததை யாரும் கேட்கவில்லை. அந்த டாக்டர்தான் முதல் முதலாக, ஆரம்பத்திலிருந்து சொல் என்றார். ஆரம்பம் அதுதானே? அதைச் சொல்லும்போது நீங்கள் பக்கத்தில் இருக்கிறீர்கள், ஒரே தடவையில் இரண்டு பேருக்கும் சொல்லிவிடலாம் என்று எவ்வளவு ஆசையாக ஆரம்பித்தேன் தெரியுமா?

இப்போது தெரிந்துகொண்டீர்கள். அவள் இருந்தாள். மலையில், எல்லோருக்கும் நடுவில் இருந்தாள். கூட்டத்தில் யாரோ ஒரு அம்மாவுக்கும் எனக்கும் மட்டுமே தெரிந்த விஷயம், இனி உங்களுக்கும் தெரியும்.

இந்தக் கிருத்திகைக்கும் பால்குடம் எடுக்கப் போகிறேன். வேண்டுதல் ஒன்றும் இல்லை, அந்த மண்டபத்தில் கொஞ்ச நேரம் நிற்க வேண்டும், அவ்வளவுதான். என் கையிலிருந்து குடத்தைப் பிடுங்காதீர்கள். அடிவாரத்தில் தலைக்கு ஏற்றிவிடுங்கள். பக்கத்திலேயே வாருங்கள். மண்டபத்தில் இறக்கிக் கையில் வைத்துக்கொண்டு நில்லுங்கள்.

வருவீர்களா என்று கேட்கவில்லை. பாரம் தூக்கிவிடச் சொன்னால் பகையாளிகூட மறுக்கக் கூடாது.

ஷாலினி

*

திருத்தணி
26.7.2024

ஷாலினி,

உன் கடிதம் நேற்று வந்தது. இன்று கோர்ட்டுக்குப் போகவில்லை.

விடிந்ததும் மலைக்குப் போனேன். கிருத்திகைக்குப் பந்தல் போட்டுக்கொண்டிருந்தார்கள். அந்த மண்டபத்தைக் கண்டுபிடித்து, நீ நின்றிருக்கக்கூடிய சுவரோடு நின்றேன். என் உள்ளங்கையைச் சுவரில் வைத்தேன். கல்லில் நேற்றைய வெயிலின் சூடு மிச்சம் இருந்தது. என் மகள் இங்கே அசைந்தாள் என்று வாய்விட்டுச் சொன்னேன். மூங்கில் தூக்கிக்கொண்டு போனவர் திரும்பிப் பார்த்து, "இன்னா சார்?" என்றார். அவரிடமும் சொன்னேன். அவர் மூங்கிலை இறக்கி வைத்துவிட்டு, கோபுரம் இருக்கும் பக்கம் பார்த்துக் கும்பிட்டார்.

வீட்டுக்கு வந்து உன் கடிதத்தை ஆங்கிலத்தில் எழுதினேன். அந்த டாக்டரிடம் நாம் மறுபடி போகும்போது கொடுக்கலாம், நீ சரி என்றால். எழுதி முடித்து, எதை விடலாம் என்று பழக்க தோஷத்தில் பேனாவோடு மேலிருந்து கீழே பார்த்தேன். மஞ்சள் புடவை அம்மாவையா? பம்பையையா? உன் கழுத்து வலியையா? ஒரு வரியைக்கூட எடுக்க முடியவில்லை. எதை எடுத்தாலும் அவள் அசையாமல் போய்விடுகிறாள்.

இந்தக் கடிதத்துக்கு ஸ்டாம்ப் ஒட்டவில்லை. சட்டைப் பையில் வைத்து, மதிய வண்டியில் நானே கொண்டு வருகிறேன். மணவூரில் இறங்கி, புளியமரத்துக்கு எதிரே அந்தக் கல்லில் கை வைத்துவிட்டு, நடந்தே வந்துவிடுவேன்.

மாமாவிடம் சொல், ரிலீவர் கொஞ்சம் லேட்.

ராஜீவ்